ஓருடலும் ஈரேடுகளும்

மருந்தொன்று பயன் தந்ததா என்னும் வினாவுக்கு விடை கூறுதல் எளிதென்றே பலரும் எண்ணுவர். காய்ச்சற்காரனின் உடற்சூடு தணிந்ததா, புண்பட்டவனின் புண் ஆறியதா என்று பார்த்தாற் போதாதா என்பர். காய்ச்சலையும் புண்ணையும் பொறுத்தவரை அவர்கள் கூற்றுச் சரியே. ஆயின், ஒருவருடைய உடலிலே நெடுநாளைய நோய்கள் இரண்டு ஒருங்கே குடிகொண்டு, அவற்றுள் ஒன்றுக்கு மருந்து கொடுக்கப்படும் காலத்தில் மற்றையது தன்பாட்டிற் பெருகிக்கொண்டிருக்குமாயின், ‘பயன்’ என்னும் சொல்லுக்குப் பொருள் யாது? எச்.ஐ.வி. தொற்றுக்குச் சிகிச்சை பெறுவோரிடத்தே ஈரலழற்சி சி வைரசும் சேர்ந்திருக்கும்போது அச்சிகிச்சை எவ்வாறு பலிக்கின்றது என்பது அத்தகைய வினாக்களுள் ஒன்று. பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டகலாத அவ்வினாவைப் பற்றியே இங்கு எழுத முனைகின்றேன். மருத்துவம் பயிலாத வாசகரும் இதனை விளங்கிக்கொள்ளல் வேண்டும் என்பது என் அவா.

முதலில் இவ்விரு வைரசுகளையும் அறிமுகஞ் செய்தல் தகும். எச்.ஐ.வி. 1983ஆம் ஆண்டு பாரிசு நகரிலே இனங்காணப்பட்டது. ஈரலழற்சி சி வைரசு 1989இல் அமெரிக்காவிலே அறியப்பட்டது. அதுவரை அந்நோய்க்குத் தனக்கென ஒரு பெயர்தானும் இருக்கவில்லை. ‘ஏயும் அல்லாத, பியும் அல்லாத ஈரலழற்சி’ என எதிர்மறையாலேயே அது சுட்டப்பட்டு வந்தது. முதலாவது கண்டுபிடிப்புக்கு 2008இலும் இரண்டாவதற்கு 2020இலும் நொபெல் பரிசு வழங்கப்பட்டமை இவற்றின் முக்கியத்துவத்தைப் புலப்படுத்தும். இரண்டும் குருதிவழியே பரவ வல்லவை. போதைமருந்து ஏற்றும் ஊசியைப் பலர் பகிர்தலும், சோதிக்கப்படாத குருதியை ஏற்றுதலும் இரண்டுக்கும் பொதுவாயில்கள். ஆதலின் ஒன்று நுழைந்த வீட்டிலே மற்றையதும் நுழைந்திருத்தல் வியப்பன்று. உலகிலே ஏறத்தாழ 23 இலட்சம் பேர் இவ்விரு தொற்றுகளுக்கும் ஒருங்கே ஆளானவர்கள் என 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகின்றது. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் ஊசிமூலம் போதைமருந்து ஏற்றுபவர்கள்.

வழி ஒன்றாயினும் இவற்றின் இயல்பு வேறு. எச்.ஐ.வி. தான் புகுந்த கலத்தின் டீ.என்.ஏ. இழையிலே தன் பிரதியைப் பொறித்துவிடுகின்றது; காணியுறுதியிலே தன் பெயரை எழுதுவித்துக்கொண்டவனைப் போன்றது அது. மருந்தினால் அதனை அடக்கிவைக்கலாம். உறுதியிலிருந்து பெயரை அழித்தல் இன்றைய வழக்கமான சிகிச்சையால் இயலாது. ஈரலழற்சி சி வைரசோ எத்துணைத் தொல்லை தரினும் உறுதியில்லாத குடியிருப்பாளனே. அது கலத்தின் பரம்பரைப் பொருளிலே கலப்பதில்லை. அதன் பெருக்கத்தைச் சில கிழமைகள் முற்றாகத் தடுத்து நிறுத்தினால் அது வேரோடு அற்றுப்போகும். இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்துவாராக. பின்னர் இது பயன்படும்.

இவ்விரு வைரசுகளும் ஒருங்கே ஒரு மக்கட் கூட்டத்தைத் தாக்கிய வரலாற்றைப் பிரித்தானியாவிலே தெளிவாகக் காணலாம். ‘ஈமோபீலியா’ எனப்படும் குருதி உறையாமை நோயுடையோருக்கு 1970களிலே புதியதொரு மருந்து கிடைத்தது. பல்லாயிரம் பேரின் குருதித் திரவவிழையத்தை ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து உறைதற் காரணியைச் செறிவாக்கி எடுத்த தூள் அது. முன்னர் வைத்தியசாலையிலே நாட்கணக்காகக் கிடந்த சிறுவர்கள் வீட்டிலிருந்தே அதனை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் செல்லலாயினர். ஆனால் அக்கலவையிலே ஒருவரின் குருதி மாசுற்றிருப்பினும் முழுவதும் மாசுறும். அமெரிக்காவிலே பணத்துக்குக் குருதி விற்றோரிடமிருந்தும் சிறைக்கைதிகளிடமிருந்தும் பெற்ற திரவவிழையமும் அதிற் கலந்திருந்தது. இதன் விளைவாகக் குருதி உறையாமை நோயுடையோருள் ஏறத்தாழ 1,250 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாயினர், அவர்களுள் 380 பேர் சிறுவர். ஏறக்குறைய அனைவருக்கும் ஈரலழற்சி சி வைரசும் உடன் ஏறியிருந்தது. அவர்களுள் ஏறத்தாழ முக்காற்பங்கினர் இன்று உயிருடன் இல்லை. சேர் பிரையன் லாங்ஸ்ராவ் தலைமையிலான விசாரணைக்குழு 2024ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையிலே இவ்வரலாறு விரிவாகப் பதியப்பெற்றுள்ளது. இப்பேரிடர் பெரும்பாலும் தவிர்த்திருக்கத் தக்கதே என்பது அவ்வறிக்கையின் முடிபு.

அக்கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரை அறியும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. மேற்பயிற்சியின் பொருட்டு 2014ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் வைத்தியசாலை ஒன்றிற் பணியாற்றினேன். நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அவர் அங்கே இரு சிகிச்சை நிலையங்களுக்கு ஒழுங்காக வந்து செல்பவர். எச்.ஐ.வி. நிலையத்திலே அவருக்கு ஓர் ஏடு. ஈரல் நிலையத்திலே மற்றோர் ஏடு. முதலாவதிலே ‘வைரசு காணப்படவில்லை, சிகிச்சை சிறந்த பலன் தருகின்றது’ என்னும் வாசகம் ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது. இரண்டாவதிலோ ஈரல் முற்றாகத் தழும்பேறியிருத்தலும், களத்தின் நாளங்கள் புடைத்திருத்தலும், குருதிச் சிறுதட்டுகள் குறைந்து வருதலும் குறிக்கப்பட்டிருந்தன. ஒருநாள் அவர் என்னை நோக்கி, “டொக்டர், ஓர் ஏட்டின்படி நான் நலமாக இருக்கிறேன்; மற்றைய ஏட்டின்படி இறந்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்குப் போகும்போது எதனை நம்பிக்கொண்டு போவது?” என்று வினவினார். அவர் குரலிலே கோபம் இருக்கவில்லை. வேடிக்கையாகக் கேட்பவர் போலவே கேட்டார். அவ்வினாவுக்குரிய விடையைத் தேடியே அதன்பின் நான் பல ஆய்வேடுகளைப் படிக்கலானேன்.

எச்.ஐ.வி. சிகிச்சையின் பயனை அளப்பதற்கு இரு அளவுகோல்கள் உள. ஒன்று, குருதியிலே வைரசின் அளவு எவ்வளவு வீழ்ந்தது என்பது. மற்றையது, அவ்வைரசு அழித்து வந்த சீ.டி.4 எனப்படும் நிர்ப்பீடனக் கலங்கள் எவ்வளவு மீண்டன என்பது. நலமுடையோரிலே குருதியின் ஒரு கன மில்லிமீற்றரில் இக்கலங்கள் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். சுவிற்சர்லாந்திலே சிகிச்சை தொடங்கிய 3,111 பேரைத் தொடர்ந்து அவதானித்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுள் நூற்றுக்கு 37 பேர் ஈரலழற்சி சி தொற்றும் உடையவர்கள். வைரசை அடக்குவதிலே மருந்து இரு பகுதியாரிடத்தும் ஒத்த பயனையே தந்தது. ஆனால் இணைத்தொற்று உடையோரிலே சீ.டி.4 கலங்கள் மீள்வது குன்றியிருந்தது. ஈராண்டுகளின் பின் அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரிலே 1,955 பேரை ஆராய்ந்தோர் இதற்கு மாறான முடிபுக்கு வந்தனர். மருந்தை முறையாகப் பெற்றோரை மட்டும் ஒப்பிட்டால் எயிட்சு நிலையை அடைவதிலோ இறப்பிலோ கலங்கள் மீள்வதிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்பது அவர்கள் துணிபு. 2005ஆம் ஆண்டிலே எட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணித்தவர்கள், 48 கிழமைகளின் பின் இணைத்தொற்று உடையோரின் சீ.டி.4 உயர்வு மற்றையோரினதைவிடச் சராசரியாக ஏறத்தாழ 33 கலங்கள் குறைவு எனக் கண்டனர். வேற்றுமை உண்டு, ஆனால் பெரிதன்று.

இம்முரண்பாட்டுக்குக் காரணங்கள் உள. சுவிற்சர்லாந்து ஆய்விலே ஈரலழற்சி சி தொற்றியோருட் பத்தில் ஒன்பது பேரளவினர் ஊசிமூலம் போதைமருந்து பழகியோராவர். வீடற்ற நிலை, வறுமை, சிறைவாசம், வைத்தியசாலையிலே கிட்டும் அவமதிப்பு ஆகிய பலவும் மருந்தை நாள் தவறாது உட்கொள்ள விடாது தடுக்கும். அவ்வாறாயின் கலங்கள் மீளாமைக்கு வைரசைக் காரணமாகக் கொள்வதா, வாழ்க்கையைக் காரணமாகக் கொள்வதா? மேலும், ஈரல் தழும்பேறியவரிடத்தே மண்ணீரல் வீங்கி வெண்கலங்களைத் தன்னுள் அடைத்து வைத்துக்கொள்ளும். அதனாற் குருதியில் எண்ணப்படும் சீ.டி.4 கலங்களின் தொகை குறைந்து தோன்றும். எண் ஒன்றே, அதன் பின்னுள்ள காரணங்களோ பல.

ஆயினும் இவ்விரு அளவுகோல்களும் அளவாதது ஒன்று உண்டு, அதுவே ஈரல். மூன்று மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் சிகிச்சையின் வெற்றி 1996ஆம் ஆண்டு வன்கூவர் மாநாட்டிலே உலகறிய வெளிப்பட்டது. அதன்பின் எயிட்சினால் இறப்போர் தொகை விரைந்து வீழ்ந்தது. அவ்வாறு உயிர்பிழைத்தோர் பின்னர் எதனால் இறந்தனர்? பொஸ்ரன் நகர வைத்தியசாலை ஒன்றின் பதிவேடுகளை ஆராய்ந்தோர் 2001இல் இதற்கு விடை தந்தனர். 1991ஆம் ஆண்டிலே அங்கு இறந்த எச்.ஐ.வி. நோயாளருள் நூற்றுக்கு 11.5 பேரே ஈரல் செயலிழந்து இறந்தவர்கள். 1998-99 காலப்பகுதியிலோ அது நூற்றுக்கு 50 ஆக உயர்ந்திருந்தது. தொகையிலே சிறியதோர் ஆய்வே அது. ஆயினும் வரவிருந்ததை அது முன்னறிவித்தது. ஐரோப்பா, அமெரிக்கா, அவுஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் 23,000க்கு மேற்பட்டோரை உள்ளடக்கி 2006இல் வெளியான பேராய்விலும் இறப்புகளுள் நூற்றுக்கு 14.5 ஈரல் நோயால் நேர்ந்தவை எனவும், அவற்றின் மூன்றில் இரு பங்கு ஈரலழற்சி சி தொற்றுடையோருடையவை எனவும் தெரியவந்தது. எச்.ஐ.வி. மருந்து தோற்றதனால் இவர்கள் இறந்தாரல்லர். அம்மருந்து வென்றதனாலேயே ஈரல் நோய் முற்றும் காலம்வரை வாழ்ந்திருந்தனர்.

ஈரல் இவ்வாறு விரைந்து நலிவதற்கு எச்.ஐ.வி.யும் உடந்தையாகும். ஈரலழற்சி சி வைரசை எதிர்க்க வேண்டிய நிர்ப்பீடனக் கலங்களையே அது அழிக்கின்றது. குடற்சுவரின் காவலையும் அது குலைப்பதனால் குடலிலுள்ள பற்றீரியாக்களின் பொருட்கள் கசிந்து, வாயினாளம் வழியே ஈரலைச் சேர்ந்து, அங்கே அழற்சியை வளர்க்கின்றன. பயனுள்ள சிகிச்சை பரவுமுன்னர் நடந்த ஆய்வுகளைத் திரட்டி நோக்கியவர்கள், இணைத்தொற்று உடையோரின் ஈரல் நோய் கடுமையாக முற்றும் அபாயம் ஏறத்தாழ மும்மடங்கு எனக் கணித்தனர். எம் முன்னோர் பேரச்சத்தைக் குறிக்க ஈரற்குலை நடுங்கிற்று என்பர். உண்மையில் ஈரல் நடுங்குவதில்லை. முக்காற்பங்கு கெடும்வரையிலும் வாய்திறவாது உழைக்கும் உறுப்பு அது. ஆதலினாலேயே அதனைக் கேளாமல் விட்டுவிடுதல் எளிதாகின்றது.

எச்.ஐ.வி. மருந்துகளுட் பல ஈரலினாலேயே பக்குவப்படுத்தப்பட்டு வெளியேறுகின்றன. நோயுற்ற ஈரலிலே அவை நஞ்சாகலாம் என்னும் அச்சத்தால் முற்காலத்தில் வைத்தியர் சிலர் இணைத்தொற்று உடையோருக்கு மருந்து தொடங்கவே தயங்கினர். அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலில்லை. நெவிரபீன், அதிக அளவிலான ரிற்றோனவிர் போன்றவை ஈரலைத் தாக்கியதுண்டு. எனினும், 2000ஆம் ஆண்டிலே பால்ற்றிமோரிலிருந்து வெளியான ஆய்வொன்றின்படி, ஈரலழற்சி பி அல்லது சி தொற்றுடையோருள்ளும் நூற்றுக்கு 88 பேருக்குக் கடும் ஈரற்பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை. எச்.ஐ.வி.யை அடக்கி வைத்தல் ஈரல் கெடும் வேகத்தையும் தணிக்கும் என்பது பின்னர் உறுதியாயிற்று. மருந்தை மறுப்பதே பெருந்தீங்கு என்பது இன்று ஐயத்துக்கு இடமற்ற உண்மை.

மறுபக்கத்திலே, ஈரலழற்சி சி நோய்க்கு அன்றிருந்த சிகிச்சை கடினமானது. கிழமைக்கு ஓர் இன்ரபெரோன் ஊசியும், நாள்தோறும் ரிபவைரின் மாத்திரைகளுமாக 48 கிழமைகள் கழியவேண்டும். காய்ச்சல், உடல்வலி, மனச்சோர்வு, குருதிக் கலங்களின் வீழ்ச்சி எனத் துன்பங்கள் தொடரும். ரிபவைரினோடு டிடனோசீன் என்னும் எச்.ஐ.வி. மருந்து சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. சிடோவுடீன் சேர்ந்தால் குருதிச்சோகை. ஓர் ஏட்டில் எழுதப்படும் மருந்தை மற்றைய ஏட்டின் வைத்தியர் அறியாதிருத்தல் எத்துணை ஆபத்தானது என்பது இதனாற் பெறப்படும். இத்துணையும் பொறுத்தவர்களுக்குக் கிட்டிய பயன் யாது? 2004ஆம் ஆண்டிலே வெளியான பன்னாட்டு ஆய்விலே, இணைத்தொற்று உடையோருள் நூற்றுக்கு 40 பேரே குணமடைந்தனர். வைரசின் முதலாவது மரபுவகை தொற்றியோரில் அது நூற்றுக்கு 29 மட்டுமே. எச்.ஐ.வி. இல்லாதோரில் அதே சிகிச்சை பாதிப்பேருக்கு மேற் பலித்தது. நான் குறிப்பிட்ட நோயாளரும் இச்சிகிச்சையைத் தொடங்கி, குருதிச் சிறுதட்டுகள் வீழ்ந்தமையால் இடையிலே நிறுத்தியவர். ‘குணமாக்குதற்கு அரியோர்’ என்பது அந்நாளைய நூல்கள் அத்தகையோருக்குச் சூட்டிய பெயர்.

அப்பெயர் வழக்கொழிந்த விரைவு வியப்புக்குரியது. ஈரலழற்சி சி வைரசின் நொதியங்களை நேரே தாக்கும் மாத்திரைகள் 2011ஆம் ஆண்டிலிருந்து வழக்கிற்கு வரலாயின. 2015இல் வெளியான ஆய்வொன்றிலே இரு தொற்றும் உடைய 335 பேருக்கு லெடிபஸ்விர், சொபொஸ்புவிர் ஆகிய இரண்டும் அடங்கிய மாத்திரை நாளொன்றுக்கு ஒன்றாகப் 12 கிழமைகள் கொடுக்கப்பட்டது. நூற்றுக்கு 96 பேர் குணமடைந்தனர். எச்.ஐ.வி. இல்லாதோர் பெறும் பயனும் இதுவே. உறுதியில்லாத குடியிருப்பாளன் என முன்னர்க் கூறினேன் அன்றோ? அவனை வெளியேற்றத் தக்க கருவி இப்போது கைவந்தது. வெளியேற்றியபின் அவன் ஒளிந்திருக்க வேறோர் அறை அவ்வீட்டில் இல்லை. இனி இணங்கத்தக்க மருந்துகளைத் தெரிதலே வைத்தியரின் கவனத்துக்குரியது. சான்றாக, டக்ளற்றஸ்விர் என்னும் மருந்தை எபவிரென்சோடு சேர்க்கும்போது 60 மில்லிகிராமிலிருந்து 90க்கு உயர்த்தவேண்டும். ரிற்றோனவிரோடு சேர்ந்த அற்றசனவிர் உட்கொள்வோருக்கு 30க்குக் குறைக்கவேண்டும்.

இலண்டனிலே நான் கண்டவரும் அம்மாத்திரைகளைப் பெற்றார் என்பதையும், ஈரலழற்சி சி வைரசு அவர் உடலிலிருந்து அற்றுப்போயிற்று என்பதையும் நாடு திரும்பியபின் அறிந்தேன். மகிழ்ந்தேன். எனினும் ஏறிய தழும்பு முற்றாக மாறுவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரற் புற்றுநோய் தோன்றியுளதா என அவரைச் சோதித்தல் தொடர்கின்றது. இங்கே இயற்கையின் விந்தையொன்றையும் குறிப்பிடல் வேண்டும். குருதி உறைதற் காரணியை ஆக்குமிடமும் ஈரலே. ஆதலின் ஈரல் முற்றாகக் கெட்டு, மாற்று ஈரல் பொருத்தப்பெற்ற குருதி உறையாமை நோயாளர்கள், தாம் பிறந்தநாள் முதல் சுமந்த அந்நோயினின்றும் நீங்கியிருக்கின்றனர். எந்நோய்க்கு மருந்து தேடி இத்துயரெல்லாம் தொடங்கிற்றோ, அந்நோயின் மூலமும் அதே உறுப்பிலே இருந்தது.

அறிவியல் தன் கடனை முடித்தபின்னும் பொருளியல் குறுக்கே நின்றது. சொபொஸ்புவிர் அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு மாத்திரையின் விலை ஆயிரம் டொலர். 12 கிழமைகளுக்கு 84,000 டொலர். பின்னர் இந்தியக் கம்பனிகள் உரிமம் பெற்று அதனை ஆக்கத் தொடங்கியதும் வளர்முக நாடுகளிலே விலை பன்மடங்கு வீழ்ந்தது. இன்றுள்ள பெருந்தடை நோயைக் கண்டறியாமையே. ஈரலழற்சி சி தொற்றியோர் பல்லாண்டுகள் எவ்வித குறியுமின்றி நடமாடுவர். செங்கண்மாரி தோன்றும்போது காலம் கடந்திருக்கும்.

எமது நாட்டிலே முதலாவது எச்.ஐ.வி. நோயாளர் 1987ஆம் ஆண்டிலே இனங்காணப்பட்டார். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுதலை ஒழித்தமைக்காக 2019இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றும் எமக்குக் கிடைத்தது. இவ்விரு தொற்றுகளும் ஈழத்திலே அருகியே காணப்படுகின்றன. இரண்டும் சேர்ந்திருத்தல் அதனினும் அரிது. அரிது என்பதனாலேயே அது மறக்கப்படும் என்பது என் அச்சம். ஆதலின் என்னிடம் பயிலும் மாணவருக்கு நான் வலியுறுத்துவன சில. எச்.ஐ.வி. உறுதியான ஒவ்வொருவருக்கும் ஈரலழற்சி பி, சி இரண்டுக்குமான சோதனை தொடக்கத்திலேயே செய்தல் வேண்டும். நிர்ப்பீடனம் மிகத் தாழ்ந்தவரிடத்தே பிறபொருளெதிரிச் சோதனை பொய்த்துப்போகலாம். ஐயம் எழுந்தால் வைரசின் ஆர்.என்.ஏ.யையே தேடுதல் வேண்டும். குணமானவருக்கு மீண்டும் தொற்றாது என்னும் உறுதி இல்லை. இந்நோய்க்குத் தடுப்பூசியும் இல்லை. போதைமருந்து பழகியவர் என்பதற்காக எவருக்கும் மருந்தை மறுத்தலாகாது. யாவற்றுக்கும் மேலாக, சீ.டி.4 எண்ணையும் ஈரல் நொதியங்களின் அளவையும் ஒரே தாளிலே அடுத்தடுத்து எழுதுமாறு அவர்களைப் பணிக்கின்றேன். சிறிய செயலே அது. ஆனால் அத்தாளை நோக்கும் வைத்தியருக்கு ஒரு நோயன்றி ஒரு நோயாளர் தென்படுவார்.

மருந்து பயன் தந்ததா என்னும் வினாவை வைரசிடம் கேட்டால் அது தன்னைப் பற்றியே விடை கூறும். வீட்டுக்குப் போகிறவருக்கு வேண்டியது அவ்விடை அன்று. அவர் இன்னும் எத்துணைக் காலம், எத்துணை நலத்துடன் வாழ்வார் என்பதே அவர் கேட்பது. உடல் ஒன்றே, ஆதலின் அதற்குரிய ஏடும் ஒன்றாதல் வேண்டும்.